புறா விரட்டின டிஸ்க்

போன ஞாயித்துக்கிழமை காலையில வாயில இட்லிய வெச்சுக்கிட்டே என் பையன் கேட்டான், "ப்பா, ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாடுறோமே, 1 எங்க?"ன்னு. எக்ஸ்பாக்ஸ்ங்கிற கேம் மெஷின்ல நாங்க ஓட்டுற கார் ரேஸ் கேம் அது. நியாயமான கேள்விதான். ஆனா ஸ்டோர்ல தேடினா கிடைக்காது. 2012ல வந்த அந்த முதல் பாகத்த 2016 அக்டோபர்லயே விக்கிறத நிறுத்திட்டாங்க. இந்த மாதிரி கேமுக்குள்ள வர்ற காரு, பாட்டு எல்லாத்துக்கும் லைசென்ஸ் கெடு உண்டு, கெடு முடிஞ்சா கேம கடையில இருந்து தூக்க வேண்டியதுதான். ஏற்கனவே காசு குடுத்து வாங்கினவனும், வீட்டுல டிஸ்க் வெச்சிருக்கவனும் மட்டும் இன்னமும் விளையாடிக்கலாம்.

நான் டிஸ்க் வெச்சிருக்கவன். அப்படித்தான் அன்னிக்குக் காலையில நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பழைய எக்ஸ்பாக்ஸ் 360 என்னிக்கோ பழைய இரும்புக்காரர்கிட்ட போயிடுச்சு, ஆனா கேம் டப்பா எல்லாம் பரண்ல பத்திரமா இருக்கு. இப்ப இருக்கிற புது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல டிஸ்க் போடுற இடம் இருக்கு. (என் சித்தி பையன் விலை கம்மின்னு சீரிஸ் எஸ் வாங்கினான், அதுக்கு டிஸ்க் போட வாயே கிடையாது, அவன் இந்தக் கதைக்கே வர முடியாது.) 360 டிஸ்க்க புது மெஷின்ல போட்டா ஓடும்டா, பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டின்னு பேரு, 2015 நவம்பர்ல நூத்துச் சொச்சம் கேமோட ஆரம்பிச்சு அறுநூறத் தாண்டிப் போச்சுன்னு பையன்கிட்ட ஒரு லெக்சர் குடுத்துக்கிட்டே ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவ எடுத்துத் தூசி தட்டித் தொறந்தேன்.

உள்ள இருந்தது "முகூர்த்தம் பார்ட் 2".

எங்க கல்யாண டிவிடி. இத எப்படி இவகிட்ட சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள பின்னாடியே நின்னுட்டு இருந்தா. "தாலி கட்டுற டிஸ்க் தொலைஞ்சு போச்சுன்னு ரெண்டு வருஷமா தேடிட்டு இருக்கேன், நீங்க கார் ரேஸ் டப்பாவுல போட்டு வெச்சிருக்கீங்க"ன்னா. சத்தியமா நான் வெக்கலன்னேன். சரி, முகூர்த்தம் இங்க இருந்தா கேம் அங்கதான இருக்கணும்னு கல்யாண ஆல்பம் பெட்டியத் தொறந்தா, பார்ட் 2 இருக்க வேண்டிய இடத்துல பிரிண்டர் சிடி. பிரிண்டர் சிடி கவர்ல அம்மாவோட சாமி பாட்டு எம்பி3. சாமி பாட்டு கவர் காலி. எந்த வீட்டுலயாவது கவருக்குள்ள அதே கவரோட டிஸ்க் இருந்து நான் பாத்ததே இல்ல, அது எப்படித்தான் ராத்திரியில இடம் மாத்திக்குதுங்களோ.

கட்டில் மேல சாமானெல்லாம் கடை விரிச்சு ஒரு மணி நேரம் தேடினப்புறம் அம்மா மெதுவா வந்து, "ஏன்டா, கார் படம் போட்ட தட்டா?"ன்னு கேட்டாங்க. அந்த "தட்டா"வுலயே எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு.

பால்கனியில புறா தொல்லைக்குன்னு பூ கட்டுற நூல்ல நாலு டிஸ்க் தொங்க விட்டிருக்காங்க. மூணு யாரோ கல்யாண ரிசெப்ஷன்ல குடுத்தது. நாலாவது நம்மளுது. ரெண்டு வருஷ வெயிலு, மழை, காத்துல கம்பியில போய்ப் போய் ஒரசின கீறலு. புறா பாட்டுக்கு அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து மொகம் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"தங்கமா மின்னுச்சு, அதான் கட்டினேன்"னாங்க அம்மா.

என்னத்தச் சொல்ல. அவுத்து எடுத்து, லேசா சோப்புத் தண்ணியில கழுவி, மெல்லிசு துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேர்கோடா தொடச்சேன். வட்டமா தொடைக்கக் கூடாது, டேட்டா சுத்திச் சுத்தித்தான் எழுதியிருக்கும், அதே வாக்குல கீறல் விழுந்தா ஒரே எடத்துல நெறைய போயிடும். பையன் பக்கத்துல நின்னு டாக்டர் ஆபரேஷன் பண்றத பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தான்.

மொத தடவ போட்டா, கர்ருன்னு சத்தம், ஒண்ணும் வரல. ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவ சாமிய வேண்டிக்கிட்டுப் போட்டேன், கொஞ்ச நேரம் சுத்தி யோசிச்சுட்டு டக்குன்னு கேம் பேரு திரையில வந்துச்சு பாருங்க, பையன் கத்தின கத்துல புறாவெல்லாம் பறந்து போயிடுச்சு. ரெண்டு வருஷமா டிஸ்க்கால முடியாதது.

உடனே விளையாடலாம்னு கன்ட்ரோலர எடுத்தா, டவுன்லோட் ஆக ஆரம்பிச்சுது. ஆறேழு ஜிபி.

அப்பதான் அம்மா கேட்டாங்க, "கேமுதான் தட்டுல இருக்கே, அப்புறம் எதுக்குடா நெட்ல இருந்து எறக்குது?" இந்த வீட்டுல கேம் பத்தி இவ்வளவு நல்ல கேள்விய அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானும் உக்காந்து வெளக்கினேன். 360க்குள்ள இருந்த பிராசஸர் வேற ஜாதி, பவர்பிசின்னு பேரு, இப்ப இருக்கிறது கம்ப்யூட்டர்ல வர்ற மாதிரி ஏஎம்டி, அதோட பாஷை இதுக்குப் புரியாது, அதனால பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேரையும் கேமையும் சேத்துக் கட்டி சர்வர்ல வெச்சிருக்காங்க, நம்ம டிஸ்க்க போட்டா இவன் நெசமாவே வாங்கினவன்தான்னு சரிபாத்துட்டு அந்தப் பொட்டலத்த அனுப்பும், டிஸ்க்ல இருக்கிற டேட்டாவ ஓட்டவே ஓட்டாது, ஆனா விளையாடுறப்பல்லாம் டிஸ்க் உள்ள இருக்கணும்னு.

அம்மா ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு, "ஓ, ரேஷன் கார்டு"ன்னாங்க.

ஆமால்ல! கார்டுக்குள்ளயா அரிசி இருக்கு? கார்டக் காட்டினா அரிசி போடுவாங்க, அடுத்த மாசம் போனா மறுபடி கார்டக் காட்டணும். பத்து நிமிஷமா நான் மூச்சு வாங்கச் சொன்னத ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க. கீறல் விழுந்த டிஸ்க் ஏன் வேலை செஞ்சுதுன்னும் எனக்கே அப்பதான் உறைச்சுது. முழுசா படிக்கத் தேவையில்ல, இன்னார்தான்னு தெரியிற அளவுக்குப் படிச்சா போதும். ஓரம் கிழிஞ்ச கார்டுக்கும் அரிசி உண்டு.

டவுன்லோட் ஓடிட்டு இருக்கும்போதே என் மச்சான் வந்தான். விஷயம் கேட்டதும் வீட்டுக்கு ஓடி ஒரு ஜிப் பை நெறைய டிஸ்க் எடுத்துட்டு வந்துட்டான், காலேஜ் படிக்கும்போது பர்மா பஜார்ல பேரம் பேசி வாங்கினது, எல்லாத்துலயும் மார்க்கர்ல கேம் பேரு, அதுலயும் பாதிக்கு ஸ்பெல்லிங் தப்பு. "இதையும் போடு மாமா"ங்கிறான். டேய் இது பிஎஸ்2 டிஸ்க்டா, சோனி கம்பெனியோட ப்ளேஸ்டேஷன் 2, இது எக்ஸ்பாக்ஸுடான்னேன். அப்ப பிஎஸ்5 வாங்கினா ஓடுமான்னான். அதுல பிஎஸ்4 டிஸ்க் வரைக்கும்தான். பிஎஸ்2 டிஸ்க் ஓடணும்னா ஆரம்பத்துல வந்த பிஎஸ்3 வேணும், 2006ல வந்த மொத மாடல்ல பிஎஸ்2வோட சிப்பையே உள்ள வெச்சு அனுப்பினாங்க, அப்புறம் செலவக் கொறைக்கன்னு எடுத்துட்டாங்கன்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே அம்மா அந்த மார்க்கர் டிஸ்க்க ஒண்ணு எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "இது ஜெராக்ஸு. ஜெராக்ஸுக்கு எவன் அரிசி போடுவான்?"னு வெச்சுட்டாங்க. மச்சான் மொகம் செத்துப் போச்சு.

சாயங்காலம் கேம் ஓடுச்சு. நெசமாவே நல்லா இருந்துச்சுங்க, கொலராடோ ரோடு, அந்த மஞ்ச வெயிலு, பழைய டிவியில மங்கலாத் தெரிஞ்சதெல்லாம் இப்ப பளிச்சுன்னு. பையன் பத்து நிமிஷம் ஓட்டிட்டு "மேப் சின்னதா இருக்குப்பா"ன்னு எழுந்து போயிட்டான். நான் மட்டும் ராத்திரி பதினொன்னு வரைக்கும் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்ப அம்மா பீரோவத் தொறக்கிற சத்தம். பாலித்தீன் கவர்ல சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு, ரேஷன் கார்டுக்குப் பக்கத்துலயே வெச்சிருந்த ஒரு டிஸ்க்க எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. கினெக்ட் ஸ்போர்ட்ஸ். கேமரா முன்னாடி நின்னு கைய வீசினா பந்து உருளுமே, அது. அப்பல்லாம் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு பௌலிங் ஆடுவாங்க, ஒரு தடவ ஸ்ட்ரைக் விழுந்த சந்தோஷத்துல கொலுப்படியில இருந்த செட்டியாரத் தட்டி விட்டுட்டாங்க. என்னோட டிஸ்க் பால்கனியில, அவங்களோடது பீரோவுல, இதப் பத்தி நான் எதுவும் பேசல. ஒரு கீறல் கிடையாது, புதுசு மாதிரி இருந்துச்சு.

"அம்மா, இது மட்டும் ஓடாதும்மா. 360 கினெக்ட் கேமெல்லாம் இந்த லிஸ்ட்லயே இல்ல, அந்தக் கேமராவ இதுல மாட்டவும் முடியாது"ன்னேன்.

"கார்டு நல்லாத்தானடா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ஆனா இது சர்க்கரை கார்டு."

ஒண்ணும் சொல்லாம வாங்கி, மறுபடி ரப்பர் பேண்டப் போட்டு பீரோவுலயே வெச்சுட்டாங்க.

மறுநாள் காலையில காபியோட பால்கனிக்குப் போனேன். நூல்ல நாலாவது எடத்துல ஒரு தட்டு ஜோரா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அம்மா பீரோவுல இருந்து மனசு மாறி எடுத்துக் கட்டிட்டாங்களோன்னு பக்கத்துல போய்ப் பாத்தேன். முகூர்த்தம் பார்ட் 2.

இவ இன்னும் எழுந்திருக்கல. முடிச்சு வேற ரொம்ப இறுக்கமா போட்டிருக்காங்க.