பனியன் கம்பெனிக்கு லோ-கோட் எதுவரை?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். டையிங்குக்குப் போன துணி, திரும்பி வந்த எடை, கட்டிங்குக்கு இறங்கிய ரோல் எல்லாம் சலான் புத்தகத்தில்தான் இருந்தன. அதிகம் நிரல் எழுதாமல் செயலி உருவாக்கும் முறைதான் லோ-கோட். அப்படியொரு கருவியான கூகுளின் ஆப்ஷீட்டை கூகுள் ஷீட்டோடு இணைத்து, குடோன் பார்க்கும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து திரைகளை அமைத்தேன். "எடை முதல்ல வரட்டும் தம்பி, கலர் அப்புறம்" என்றார். அவர் கண் முன்னாலேயே மாற்றினேன். வேலை தெரிந்தவர் சொல்லச் சொல்லத் திரை உருவாவதுதான், என்னைக் கேட்டால், லோ-கோட்டின் பெரிய பலன். வெளியே கொடுத்துச் செய்திருந்தால் அந்தச் சொல் எங்களைத் தாண்டிப் போயிருக்காது.

பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியின் கணக்கு வேறு விஷயம். ஸ்டைலுக்கு ஒரு ரேட், ஓவர்லாக் தையலுக்கு ஒன்று, முன்பணப் பிடித்தம் வேறு. சூத்திரத்துக்குள் சூத்திரமாக அது வளர்ந்தால், எது எங்கே மாறியது என்று சோதிக்க வழி குறைவு. மைக்ரோசாஃப்டின் லோ-கோட் கருவியான பவர் ஆப்ஸில் இன்னொரு வரம்பு: தரவுத்தளமே செய்ய முடியாத வினவல்களுக்கு முதல் 500 வரிசைகள்தான் வரும், அந்த வரம்பை உயர்த்தினாலும் 2000 வரை. பயனருக்குப் பிழைச் செய்தி வராது, கூட்டுத்தொகை மட்டும் குறையும். தொழிலாளியின் சம்பளத்தில் அப்படி நடக்கவே கூடாது.

அதனால் கூலிக் கணக்கைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி, சோதனைகளோடு வைத்திருக்கிறோம். குடோன் திரைகள் ஆப்ஷீட்டிலேயே ஓடுகின்றன.