தேய்பிறை முகூர்த்தமும் புதன்கிழமை மண்டபமும்

ஆடியில் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கிறதே, வாடகையைக் குறைத்துக் கேட்கலாமே என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் அது எடுபடாது. ஆடி, புரட்டாசி, மார்கழியை விடுங்கள். காலண்டரில் 'தேய்பிறை முகூர்த்தம்' என்று தனியாகப் போட்டிருக்கும் நாட்களைப் பாருங்கள், அதுவும் வாரநாளாக. மண்டபத்துக்குப் போட்டி குறைவாக இருக்கும். தேய்பிறை பஞ்சமி வரை வளர்பிறைக்குச் சமம் என்று பல ஜோசியர்களே சொல்வார்கள். ஆனி மாதமும் கவனிக்க வேண்டியது. பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் வைகாசி அளவுக்கு அடிதடி இருக்காது. மூத்த பையனுக்கும் மூத்த பெண்ணுக்கும் மட்டும் ஆனியில் முடிக்கமாட்டார்கள்.

வாடகையைக் குறைக்கச் சொன்னால் மண்டபக்காரர் பெரும்பாலும் இறங்கமாட்டார். ஒருவருக்குக் குறைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். வேறு விதமாகக் கேளுங்கள். முந்தின நாள் மாலைக்குப் பதில் காலையிலேயே சாவி, கூடுதலாக 2 அறை, துப்புரவுக் கட்டணம் தள்ளுபடி, ஜெனரேட்டர் டீசலுக்கு ஓர் உச்சவரம்பு. எல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். கரண்ட் யூனிட் கணக்கென்றால், உள்ளே நுழைந்ததும் மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சாப்பாட்டில். ஞாயிற்றுக்கிழமை கணக்கை அப்படியே சமையல்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வாரநாளில் ஆபீஸ் முடிந்து வருகிற கூட்டம் முந்தின நாள் ரிசப்ஷனில் 7 மணிக்கு மேல் மொத்தமாக இறங்கும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் மிஞ்சும். ஆக, இரவு இலை பற்றாது, காலையில் இட்லியும் பொங்கலும் அண்டாவோடு மிஞ்சும். மூன்று வேளைக்கும் இலை எண்ணிக்கையைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். குறைந்தபட்ச இலை என்று ஒப்பந்தம் போட்டால், காலைக்கான எண்ணைக் குறைத்தே போடுங்கள். (வருகிறவர்கள் குறைந்தால் மொய்யும் குறையும், அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.)

இன்னொரு லாபம், தலைமைச் சமையல்காரரே வந்து நிற்பார். பெரிய முகூர்த்த நாளில் அவர் 3 மண்டபம் ஒப்புக்கொண்டு, உங்களுக்கு உதவியாளை அனுப்பியிருப்பார். ஐயருக்கும் அடுத்த கல்யாணத்துக்கு ஓடும் அவசரம் இருக்காது.

ஐப்பசியில் வைத்தால் மழை. சமையற்கட்டுக் கூரை ஒழுகுகிறதா, வண்டி நிறுத்துமிடம் சேறாகுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். பந்திக்கு வெளியே ஷாமியானா போட நேர்ந்தால், மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

பூ விலை வேறு கணக்கு. தை முகூர்த்தத்தில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எகிறும். கோடையில் வரத்து நிறைய. குளிர்காலத் தேதியென்றால் மாலையைச் சம்பங்கியில் கட்டச் சொல்லி, மல்லிகையைத் தலைக்கு மட்டும் வாங்கினால் போதும்.