மழை பெய்ததுக்கும் கையெழுத்து வேணும்

கட்டட வேலையை முடிக்க 19 நாள் நீடிப்புக் கேட்டேன். கிடைத்தது 11. மிச்சம் 8 நாளுக்கும் தாமதக் காசு எங்கள் பில்லில் கழியும். முதலாளி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சாவகச்சேரிப் பக்கம் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம். அத்திவாரக் கிடங்கு வெட்டிக் கம்பி கட்டிக்கொண்டு நிற்க, 2024 நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. கிடங்கெல்லாம் குளம். வேலை எத்தனை வீதம் முடிந்தது என்று மாதாமாதம் அனுப்புகிற றிப்போட் டிசம்பருக்கும் வழமைபோலப் போனது. ஜனவரியில் நீடிப்புக் கடிதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன்.

கந்தோரில் இருந்த அண்ணை என் றிப்போட்டையே எனக்கு முன்னால் விரித்தார்.

"தம்பி, நவம்பர் முடிவில 9 வீதம், டிசம்பர் முடிவில 14 வீதம். நீர்தானே போட்டனீர்? வேலை நடந்திருக்கு."

அந்த 5 வீதத்தில் முக்கால்வாசி, பட்டறையிலிருந்து வந்து இறங்கின கதவு யன்னல் நிலைகள். காசுக் கணக்கில் வீதம் ஏறிவிட்டது, அத்திவாரம் அசையவில்லை. கிறிட்டிக்கல் பாத்தில், அதாவது பிந்தினால் முழுக் கட்டடத்தையும் பிந்தவைக்கிற வேலைகளின் வரிசையில், கிடந்தது அத்திவாரம்தான், நிலைகள் இல்லை. நல்ல பிள்ளைக்கு றிப்போட் போட்டதே வினையாகிவிட்டது.

"அண்ணை, ஏ.எல். சோதினையையே இடையில நிப்பாட்டின மழை."

"மழை எனக்கும்தான் பெய்தது. பேப்பரில எங்க கிடக்கு?"

சைட் டயறியில் "வேலை இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தேன். காரணமும் இல்லை, வேலையைப் பார்வையிடுகிற ரி.ஓ.வின் (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) கையெழுத்தும் இல்லை. அந்தப் பயணம் வீண்.

இரண்டாம் தரம் வளிமண்டலவியல் திணைக்கள மழைக் கணக்கோடு போனேன். அது மழை பெய்த நாளுக்குத்தான் உதவும். தண்ணி வத்தும்வரை சும்மா இருந்த நாளுக்கு உதவாது. அங்கே கைகொடுத்தது நான் எறிய இருந்த துண்டு: தண்ணி இறைக்கிற பம்ப் வாடகை பில். திகதி திகதியாக இருந்தது. டீசல் துண்டுகளும் வட்ஸப்பில் அனுப்பின படங்களும் சேர, 11 நாள் தேறியது. சேறு அள்ளி, கம்பி துருத் தட்டித் திரும்பக் கட்டின 8 நாளுக்கு ஒரு துண்டும் இல்லை.

இப்போது மொத்த வீதத்துக்குக் கீழே கிறிட்டிக்கல் வேலைகளைத் தனி வரியில் போடுகிறேன், பூச்சியம் என்றாலும். நீங்களும் போடுங்கள். மழை விட்ட பிறகு இழக்கிற நாளை மழை நாளோடு கலக்காமல் எழுதுங்கள். டயறியில் ரி.ஓ.வின் கையெழுத்தை அன்றன்று வாங்குங்கள்.

நேற்று நல்ல வெயில். "வெயிலுக்கும் கையெழுத்தோ?" என்று ரி.ஓ. சிரித்தார். வைப்பித்துத்தான் விட்டேன்.