பொரி பொட்டலம்

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் கடை. ஆயுத பூஜை அன்று கடைக்கார அண்ணன் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். நான் வாங்கி வாசலிலேயே ஒரு வாய் போட்டுக்கொள்வேன். சித்தி பெந்தெகொஸ்தே சபை. காதில் கம்மல்கூடக் கிடையாது, பூஜையில் படைத்த பொரியைத் தொடவே மாட்டார்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு சண்டை நடக்கும். பைபிள் காலத்துக் கொரிந்து சபையிலும் இதே தகராறுதான், விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று. விக்கிரகம் ஒன்றுமே இல்லை, சாப்பிட்டால் மேன்மையும் இல்லை, சாப்பிடாவிட்டால் குறைச்சலும் இல்லை என்ற அப்போஸ்தலர் பவுல், என் சகோதரன் இடறுவானென்றால் இறைச்சியே வேண்டாம் என்றும் எழுதினார். நான் வசதியாக முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்!

இத்தனைக்கும் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையே கலவைதான். 1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனில் பிஷப்பே கிடையாது. பிஷப் இல்லாமல் முடியாது என்ற ஆங்கிலிக்கன்காரர்களோடு (இங்கிலாந்துத் திருச்சபை வழியினர்) 1947இல் ஒரே திருச்சபையானார்கள்.

போன வருஷம் பூஜை அன்று சித்தி வீட்டில் இருந்தார். பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் பிரிட்ஜ் மேலே வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அங்க வச்சா பொரி நமுத்துப் போயிடும்டா, எடுத்துச் சாப்பிடு" என்றார்.