தலையணைக்குக் கீழே லேஞ்சி

ஓகஸ்ட் 29, வெள்ளி
நான்கு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் டயலிசிஸ் மெஷின்தான் அம்மாவின் சிறுநீரகம். ஓட்டோவில் கல்லடிப் பாலம் வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் வாவியைப் பார்த்து, "எவ்வளவு தண்ணீர்" என்றார்.

ஓகஸ்ட் 30
போத்தலில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு கீறியிருக்கிறேன். ஒரு நாளைக்கு 750 மில்லிலீற்றர். தேநீர், கஞ்சி, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உருளைக்கிழங்கை வெட்டி ஊறவைத்து, அவித்து வடித்து, மறுபடியும் அவிக்கிறேன். பொட்டாசியத்தோடு ருசியும் போய்விடுகிறது. பார்க்க வருகிறவர்களோ செவ்விளநீர்க் குலையோடு வருகிறார்கள். அம்மாவுக்கு அது நஞ்சு. படலையிலேயே வாங்கிவிடுகிறேன். இந்தக் கிழமை பதினொன்று குடித்திருக்கிறேன்.

செப்டம்பர் 1
சின்னம்மா ஒரு லேஞ்சி கொண்டுவந்தார். வெள்ளைக் கைக்குட்டை, நீலக் கரை, எண்ணெய் வாசம். அவர்கள் சபைப் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்ததாம். "அப்போஸ்தலர் 19:12ஐ வாசித்துப் பார் மகள். பவுலின் உறுமாலைப் போட்டதும் எபேசுவில் வியாதி நீங்கவில்லையா?" நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கண்ணால் தடுத்து, லேஞ்சியை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கொடுக்கும்போது சின்னம்மாவின் கை நடுங்கியது.

செப்டம்பர் 2
இன்றும் நான்கு மணித்தியாலம்.

செப்டம்பர் 3, இரவு இரண்டு மணி
2 தீமோத்தேயு 4:20. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." வாழ்த்துதல்களுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி. எத்தனை தரம் தாண்டிப் போயிருப்பேன்!

துரோப்பீமு எபேசு ஊரான். அதே எபேசு. பவுலோடு ஊர் ஊராக அலைந்தவன். அவனுக்குப் போட ஒரு உறுமால் இல்லாமலா போயிற்று? அவனுக்கு விசுவாசம் போதாது என்று பவுல் எழுதவில்லை. பாவம் செய்தான் என்றும் எழுதவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான் புத்தி சொன்னார். தன் மாம்சத்தின் முள்ளுக்காக மூன்று தரம் மன்றாடியும் முள் போகவில்லை.

இதையெல்லாம் சின்னம்மாவிடம் அடுக்கினால் வாதத்தில் வெல்லலாம். வென்று? எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மிலேத்துவில் அவனுக்கு யார் தண்ணீர் கொடுத்தது? யார் வீட்டுத் திண்ணை? கப்பல் போன பிறகு அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்?

செப்டம்பர் 5
பாஸ்டரே வந்துவிட்டார். சின்ன வயது. வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்த களை. உரக்க ஜெபித்தார், அம்மாவின் தலையில் கை வைத்து அழவும் செய்தார். அழுகை பொய்யில்லை. பிறகுதான் கேட்டார்: "அம்மா, நீங்கள் மெஷினை நம்புகிறீர்களா, இயேசுவை நம்புகிறீர்களா?"

அம்மா நாற்பது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தியவர். "தம்பி, எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுத்தது ஆண்டவர். பிறகு ஏன் ஏசாயா அவருடைய பிளவைக்குப் பற்றுப்போட அத்திப்பழ அடை கொண்டுவரச் சொன்னார்?"

அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டார். பெரிய தம்ளர் நிறையக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். அம்மா அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதரை வெறுக்க முடியவில்லை. அந்தத் தம்ளரை மட்டும் இன்னும் கழுவவில்லை.

செப்டம்பர் 6
எங்கள் போதகர் ஐயா வந்தார். யாக்கோபு 5:14இன்படி எண்ணெய் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பேசாமல் இருபது நிமிடம் இருந்தார். யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த காரியமும் பேசாமல் இருந்த அந்த ஏழு நாள்தான்.

மருந்து வாங்கப் போகையில் மெதடிஸ்த் மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையைக் கடந்தேன். மனைவியை வரும் வழியில் கடலில் இழந்தவர். 1814இல் இங்கே மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்.

செப்டம்பர் 7, பௌர்ணமி
பக்கத்து வீட்டு மாமி ஆயித்தியமலைத் திருவிழாவிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தார். நாங்கள் மெதடிஸ்த். ஆனாலும் அம்மா வாங்கிக்கொண்டு, "இதுவும் 750இல் சேருமா மகள்?" என்று கேட்டார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். முப்பது மில்லிலீற்றர் கழித்துக்கொண்டேன்.

இரவு அம்மாவின் இடது மணிக்கட்டில் காதை வைத்தேன். டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடம் விடாமல் இரைகிறது. முன்பு அப்பா, வாவி மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் கூட்டிப்போய், துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறு முனையை என் காதில் வைப்பார். "மீன் பாடுகிறதா?" என்று அம்மா கேட்டார்.

பாடுகிறது என்றேன்.

செப்டம்பர் 9
பாதியில் பிரஷர் இறங்கிவிட்டது. வார்ட்டில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு ஓடிவந்து சாரம், சவர்க்காரம், பைபிள் எடுத்தேன். லேஞ்சியையும் எடுத்தேன். அம்மா கேட்கவில்லை.

இரவில் துணைக்கு ஆள் நிற்க முடியாதாம். விட்டுவந்தேன்.

செப்டம்பர் 10, காலை 5.20
வெளி வாங்கில் இருக்கிறேன். கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கும். சின்னம்மா பிளாஸ்கில் தேநீரோடு வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருக்கிறார்.

போத்தலில் இன்றைய கோடு இன்னும் கீறவில்லை.