டி-ஷர்ட் வாங்கும்போது நான் பார்ப்பவை

திருப்பூர் காதர்பேட்டையில் 100 ரூபாய்க்கும் டி-ஷர்ட் கிடைக்கும். வீட்டில் போட்டுக்கொள்ள அது போதும். தினமும் வேலைக்குப் போட்டுப்போக என் கணக்கு 300 முதல் 500 ரூபாய் வரை. அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் நெஞ்சில் இருக்கும் லோகோவுக்குத்தான்.

கடைக்காரர் முதலில் சொல்வது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. நம்ம ஊர் வெயிலுக்கு 160 முதல் 180 சரி. 140க்குக் கீழே வெள்ளை எடுத்தால் உள்பனியன் தெரியும். 220 எல்லாம் ஊட்டிக்காரர்கள் வாங்கட்டும். ஆனால் கனம் மட்டும் போதாது. கோம்டு நூலா என்று கேட்பேன். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டாது. பயோவாஷ் என்றால் நொதி போட்டு மேல்பிசிறை நீக்கிய துணி. தொட்டாலே வழுவழுப்பு தெரியும்.

அப்புறம் தையல். மேசையில் விரித்து, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பார்ப்பேன். புதிதிலேயே அது முன்பக்கமாக வளைந்திருந்தால், துவைக்கத் துவைக்கத் தொப்புளை நோக்கி நகர்ந்துவிடும். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வேண்டும், அதில் கொஞ்சம் லைக்ரா கலந்திருந்தால் நல்லது. தோள்பட்டைக்கு உள்ளே டேப் வைத்துத் தைத்திருந்தால் விலை பேசாமல் எடுத்துவிடுவேன்.

நிறத்தில் நேவி ப்ளூ, பாட்டில் கிரீன் எதுவானாலும் பரவாயில்லை. சாம்பல் மட்டும் வேண்டாம், அக்குள் ஈரம் பஸ் முழுக்கத் தெரியும்.