எனக்க அம்மை வந்தா

‘எனக்க அம்மை வந்தா’ என்று கதையில் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பையன் ஒருவன் சொல்கிறான். என் அம்மா வந்தாள் என்று அர்த்தம். மெய்ப்புப் பார்ப்பவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘எனக்கு’ என்று திருத்திவிட்டால், பையனுக்கு அம்மை நோய் வந்தால் என்றாகிவிடும். ஓர் எழுத்தில் தாய் காணாமல் போகிறாள்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து எழுதுகிறவர்களுக்கு வரமும் தொல்லையும் இந்தப் பேச்சுதான். புரியாதே என்று பயந்து பொதுத்தமிழில் எழுதினால், ரப்பர் வெட்டுகிற ஆள் செய்தி வாசிப்பவர்போலப் பேசுவார். அடைப்புக்குறிக்குள் பொருள் போடுவது அதைவிட மோசம். வாசகர் காட்சியை விட்டு அகராதிக்குப் போய்விடுகிறார். தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சை வைத்தே எழுதிய தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தப் பேச்சு எல்லை தாண்டும். சொல்லை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

‘வெள்ளம்’ என்றால் இங்கே குடிதண்ணீர். மதுரைக்காரருக்கு ஊரை அடித்துப்போவது. “இத்திரி வெள்ளம் தா, மக்களே” என்று கிழவி கேட்டதோடு விட்டால் அவருக்குக் குழப்பம்தான். அடுத்த வரியில் கிழவி செம்பை அண்ணாந்து குடிக்கட்டும், கழுத்து வழியே கொஞ்சம் வடியட்டும். கொஞ்சம் என்கிற இத்திரியும் வெள்ளமும் சேர்ந்தே விளங்கிவிடும். ‘மக்களே’ என்று ஒரே ஒரு பேத்தியைத்தான் கூப்பிடுகிறாள் என்பதற்கு, வீட்டில் வேறு யாரும் இல்லையென்று முன்பே காட்டியிருக்க வேண்டும். ஒரு பேச்சு இப்படி இரண்டு மூன்று சொல்லைத் தாங்கும். அதற்கு மேல் போனால் ஆள் மறைந்து வழக்கு மட்டும் தெரியும்.

முதல் பக்கத்தில் ‘எனக்க’ என்றவர் மூன்றாம் பக்கத்தில் ‘என்னோட’ என்பது அடிக்கடி நடக்கிற தவறு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் வைத்து, தன்னைச் சொல்வது, பிறரைக் கூப்பிடுவது, மறுப்பது, கேட்பது என்று பத்துச் சொல்லை எழுதிவைத்தால் போதும். நாகர்கோவில் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே வாயில் கலந்தால் உள்ளூர்க்காரர்தான் முதலில் புத்தகத்தை மூடுவார்.

கதையிலாவது துணைக்குச் செம்பு வரும். கவிதையில் சொல் தனியே நிற்க வேண்டும். அங்கே பழந்தமிழின் வேர் இருக்கிற சொற்கள் கைகொடுக்கும். ‘பறைஞ்சான்’ என்றால் மலையாளம் என்று ஒதுக்குகிறார்கள். பறைதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிறது.

வரி உடைப்பில் பலரும் தடுமாறுவது ஒற்றில். ‘கடலைப் பார்த்திருந்தாள்’ என்பதை நடுவில் உடைத்தால் அந்த ‘ப்’ என்ன ஆகும்? வாசகர் நிற்காமல் கீழே இறங்க வேண்டுமென்றால் ‘கடலைப்’ என்று ஒற்றோடு விடலாம். நின்று போக வேண்டுமென்றால் ஒற்றை எடுக்கலாம். ஆனால் அப்போது ‘கடலை’ ஒரு கணம் வேர்க்கடலையாகிவிடும். அந்தக் கணம் கவிதைக்கு ஆகாதென்றால் வேறிடத்தில் உடைக்க வேண்டியதுதான். பெயரெச்சத்தில் உடைப்பதில் நல்ல பலன் உண்டு: ‘நனைந்த’ என்று வரி நின்றால் எது நனைந்தது என்று வாசகர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத் தகுந்த பொருள் கீழே இருக்க வேண்டும். எல்லா வரியும் வினைமுற்றில் முடிந்தால் உரைநடையை மடித்துவைத்த மாதிரி ஆகிவிடும். புதுக்கவிதைக்காரரும் இருபது வெண்பா கட்டிப் பார்க்கலாம். ஈற்றடி மூன்றே சீர், அதுவும் நாள், மலர், காசு, பிறப்பு என்றுதான் முடிய வேண்டும். வரி நிற்கும் இடம் காதுக்குப் பழகிவிடும்.

உரைநடையில் தொல்லை வேறு. வந்தான், உட்கார்ந்தான், குடித்தான் என்று ஐந்து வாக்கியம் ஒரே ஓசையில் முடியும். கண்ணுக்குத் தெரியாது, உரக்க வாசித்தால்தான் தெரியும். இரண்டை எச்சமாக்கி, ஒன்றைப் பெயரில் நிறுத்தினால் சரியாகும்.

மழை எழுதினால் எந்த மழை என்று தெரிந்திருக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. ஆனி, ஆடியில் காற்றோடு சாரல். ஐப்பசியில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு பெய்யும். ரப்பர் வெட்டு விடியற்காலை வேலை. மறைப்புக் கட்டாத மரத்தில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. இலையுதிர்ந்து தளிர்க்கிற மாசியில் சிரட்டை நிறையப் பால் என்று எழுதினால் தோட்டக்காரர் நம்பமாட்டார். குமரி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். கதை அதற்கு முன் நடந்தால், விளவங்கோட்டு ஆளுக்கு மெட்ராஸ் வேறு மாநிலம்.

எழுத்து வராத வாரங்கள் இருக்கும். அப்போது பஸ்ஸிலும் சந்தையிலும் காதில் விழுந்த பேச்சை அப்படியே நோட்டில் குறித்து வைக்கலாம். கதையாக்க அவசரப்பட வேண்டாம்.

முடிந்த கதையைப் பதினைந்து நாள் தொடாமல் வைத்துவிட்டு, அனுப்பும்போது முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி சேருங்கள்: ‘எனக்க, உனக்க, அவனுக்க – வட்டார வழக்கு, திருத்த வேண்டாம்.’ மெய்ப்பு கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய சொல் ‘எனக்கு’.